யார் போய்ப் பார்த்தது?

விண்வெளித் தொலைநோக்கி என்று பேச்செடுத்தால் போதும், கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அதையெல்லாம் யார் போய்ப் பார்த்தது?" கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. சுற்றி இருப்பவர்களும் சிரிப்பார்கள். சுமார் 1000 கோடி டாலர் செலவில் செய்து அனுப்பிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அந்த ஒரு சிரிப்பில் க்ளீன் போல்ட்!

கேள்வியில் தப்பு இல்லை. சொல்லப்போனால் அறிவியலில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதில்லை, அதுதான் தப்பு. நட்சத்திரம் பிறக்கிறது, வளர்கிறது, சாகிறது என்பதும், காலக்ஸிகள் காலப்போக்கில் உருமாறி வந்திருக்கின்றன என்பதும் யாரோ அறைக்குள் உட்கார்ந்து கட்டிய கதை என்று அவர் முடிவு செய்துவிட்டார். ஹபிள் எடுத்த படங்களைக் காட்டினால், "எல்லாம் கம்ப்யூட்டரில் கலர் அடிச்சது" என்பார். இன்னும் கொஞ்சம் படித்தவராக இருந்தால், "வெப் வந்த பிறகு பெருவெடிப்பே பொய்யாகிவிட்டதாமே?" என்பார்.

சரி, பதிலுக்கு வருவோம்.

1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துக் குட்டி காலக்ஸியில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. தூரம் சுமார் 1.6 லட்சம் ஒளியாண்டு. பூமியின் தென்பாதியில் இருந்தவர்கள் வெறும் கண்ணால் பார்த்தார்கள். வெடித்தது எந்த நட்சத்திரம் என்பதும் தெரியும். வெடிப்பதற்கு முன்பே அட்டவணையில் ஏறியிருந்த, சான்டுலிக் என்பவர் பெயரைத் தாங்கிய நீல நிறப் பெரு நட்சத்திரம் அது. வெடித்த பிறகு அந்த இடத்தில் அது இல்லை. பெரிய நட்சத்திரத்தின் மையம் தன் எடை தாங்காமல் உள்ளே நொறுங்கினால் முதலில் நியூட்ரினோ என்ற துகள்கள் வெள்ளமாக வெளியே வரும் என்று கோட்பாடு சொல்லியிருந்தது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அன்றைய சோவியத் யூனியனிலும் நிலத்தடியில் இருந்த கருவிகள், வெளிச்சம் வருவதற்குச் சில மணி நேரம் முன்பாக, எல்லாம் சேர்த்துச் சுமார் இரண்டு டஜன் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தன.

இதுவரை நடந்ததில் விண்வெளித் தொலைநோக்கிக்கு வேலையே இல்லை. இனிமேல்தான் இருக்கிறது. 1990-ல் ஹபிள் மேலே போன பிறகு, வெடித்த இடத்தைச் சுற்றி ஒரு வாயு வளையம் தெளிவாகத் தெரிந்தது. வெடிப்பதற்குச் சுமார் 20,000 ஆண்டுகள் முன்பு அந்த நட்சத்திரம் உதறிய வாயு அது. வெடிப்பின் அதிர்வலை என்றைக்காவது போய் அந்த வளையத்தில் மோதத்தானே வேண்டும்? மோதியது. 1990-களின் நடுவில் வளையத்தில் ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று எரிய ஆரம்பித்தது. பிறகு இன்னொன்று. 2000-களில் வளையம் முழுக்க முத்துமாலை கோத்தது போல மின்னியது. வருடா வருடம் எடுத்த படங்களை வரிசையாக வைத்தால் ஒரு நட்சத்திரத்தின் சாவுக்குப் பிந்தைய காரியங்கள் அப்படியே ஓடுகின்றன. நொறுங்கிய மையம் எங்கே என்ற கேள்வி மட்டும் முப்பது வருடத்துக்கு மேல் பாக்கி நின்றது. 2024-ல் வெப்பின் அகச்சிவப்புக் கருவிகள், மையத்தில் எலக்ட்ரான் இழந்த ஆர்கான், கந்தகம் ஆகியவற்றின் ஒளிக்கோடுகளைப் பிடித்தன. நடுவில் ஒரு நியூட்ரான் நட்சத்திரம் உட்கார்ந்து கதிர் வீசினால்தான் அந்தக் கோடுகளை விளக்க முடிகிறது.

யார் பார்த்தது? நிறையப் பேர், நிறைய வருடம், உட்கார்ந்து பார்த்தார்கள்.

"அது ஒண்ணுதானே சார், மத்தது எல்லாம்?" என்று அடுத்த கேள்வி வரும். சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்தின் ஆயுள் சுமார் 1000 கோடி ஆண்டு. அதை முழுக்கப் பார்க்க யாராலும் முடியாது என்பது சத்தியம். ஆனால் ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு மணி நேரம் இருந்தவருக்கு மனித வாழ்க்கை எப்படிப் போகிறது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தொட்டிலில் ஒன்று, ஓடிப் பிடித்து விளையாடும் பத்து, மணமேடையில் இரண்டு, முன்வரிசையில் தடியூன்றிய தாத்தா. வானமும் அப்படிப்பட்ட மண்டபம்தான். ஓரியன் நெபுலாவில் பிறந்து கொஞ்ச நாளே ஆன நட்சத்திரங்களைச் சுற்றிக் கிரகங்கள் உருவாகும் தூசித் தட்டுகளை 1990-களிலேயே ஹபிள் படம் பிடித்தது. மறுகோடியில், எரிபொருள் தீர்ந்து வெறும் கனலாக ஆறிக்கொண்டிருக்கும் வெண்குள்ளன்கள் இருக்கின்றன.

இந்த வெண்குள்ளன்கள் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் "விஞ்ஞானிகள் தங்களுக்கு வசதியாகக் கணக்கை மாற்றிக்கொள்கிறார்கள்" என்ற புகாருக்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

1994-ல் ஹபிளை வைத்து அண்டம் விரியும் வேகத்தை அளந்தார்கள். அதிலிருந்து கணக்குப் போட்டால் அண்டத்தின் வயது, அப்போது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மாதிரிப்படி, 800 கோடி ஆண்டுக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் பால்வழியின் மிகப் பழைய நட்சத்திரங்களுக்கு 1400 கோடி ஆண்டுக்கும் மேல் வயது என்று நட்சத்திர இயல்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதாவது தாயைவிட மகள் மூத்தவள்! இதை யாரும் மூடி மறைக்கவில்லை. அளந்தவர்களே 'நேச்சர்' இதழில் அச்சிட்டு ஊர் அறியச் சொன்னார்கள். பிறகு நடந்தது என்ன? ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோள் 1997-ல் வெளியிட்ட தூரக் கணக்குகளால் பழைய நட்சத்திரங்களின் வயது கொஞ்சம் குறைந்தது. 1998-ல் தூரத்துச் சூப்பர்நோவாக்களைப் பார்த்தவர்கள் அண்டத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதைச் சேர்த்ததும் அண்டத்தின் வயது ஏறியது. இன்றைய கணக்கு சுமார் 1380 கோடி ஆண்டு.

இதற்கும் அண்ட விரிவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்னும்படி வேறொரு வழியில் ஒரு சோதனை நடந்தது. சுமார் 6000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் எம்4 என்ற பழைய நட்சத்திரக் கொத்தை ஹபிள் நாள்கணக்கில் உற்றுப் பார்த்தது. தேடியது அங்கே இருக்கும் மிக மங்கலான வெண்குள்ளன்களை. வெறும் கண்ணுக்குத் தெரியும் கடைசி நட்சத்திரத்தின் ஒளியில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளி. அடுப்பிலிருந்து எடுத்த கரி எவ்வளவு ஆறியிருக்கிறது என்று பார்த்து அடுப்பு எப்போது அணைந்தது என்று சொல்வது போல, அவை ஆறிய அளவை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள். 2002-ல் கிடைத்த விடை, 1200 முதல் 1300 கோடி ஆண்டு. மகள் தாயைவிட இளையவள் ஆகிவிட்டாள். இரண்டு தனித்தனி வழியில் போட்ட கணக்கு ஒத்துப்போவதற்குப் பெயர் வசதியாக மாற்றிக்கொள்வது என்றால், தராசில் இரண்டு தட்டு இருப்பதும் மோசடிதான்.

வெண்குள்ளன் என்றதும் சுப்ரமணியன் சந்திரசேகரை விட்டுவிட்டுப் போக முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய 19 வயதுப் பையன். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடை இருந்தால் வெண்குள்ளனாக நிலைக்க முடியாது என்ற முடிவின் ஆரம்பம் அந்தக் கப்பலில் போட்ட கணக்கு. 1935 ஜனவரியில் லண்டனில், அன்றைய வானியலின் பெரிய தலையான எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் அதைக் கேலி செய்தார். கேலியால் கணக்கு மாறவில்லை. 1983-ல் நோபல் பரிசு. 1999 ஜூலையில் நாசா அனுப்பிய எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயர்தான். இந்தத் தொலைநோக்கிக்கு இன்னொரு தடவை வர வேண்டியிருக்கிறது.

காலக்ஸிகள் கதை வேறு மாதிரி. அங்கே கல்யாண மண்டபக் கணக்குகூடத் தேவையில்லை. ஒளி வந்து சேர நேரம் ஆவதால், தூரத்தைப் பார்ப்பது என்பதே பழசைப் பார்ப்பதுதான். 1995 டிசம்பரில் ஹபிள் நிலையத்தின் இயக்குநர் ராபர்ட் வில்லியம்ஸ், இயக்குநருக்கென்று ஒதுக்கிய நேரத்தில் ஒரு காரியம் செய்தார். சப்தரிஷி மண்டலத்தில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும் ஒரு துளி இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பத்து நாள் அதையே பார்க்கச் சொன்னார். முழு வானத்தை 2.4 கோடித் துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு! கண்ணாடியின் விளிம்பு சுமார் இரண்டு மைக்ரான் கணக்கில் தட்டையாகிப்போய் உலகமே சிரித்த தொலைநோக்கி அது. 1993 டிசம்பரில்தான் விண்வெளி வீரர்கள் போய் அதைச் சரிசெய்திருந்தார்கள். இந்த நேரத்தில் காலி இடத்தைப் படம் பிடித்து ஒன்றும் வராமல் போனால் மானம் கப்பலேறும். நீண்ட நேரம் பார்த்தாலும் புதுவகைக் காலக்ஸிகள் பெரிதாகக் கிடைக்காது என்று 1990-லேயே கணக்குப் போட்டு எழுதியவர்களில் ஜான் பாக்கால் ஒருவர். அவர் ஒன்றும் எதிரி அல்ல, ஹபிளைக் கட்டவைக்க வாஷிங்டனில் வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்.

342 படங்கள். அந்தக் காலி இடத்தில் சுமார் 3000 காலக்ஸிகள்.

அவற்றில் தூரத்தில், அதாவது பழைய காலத்தில், இருந்தவை இன்று பக்கத்தில் இருப்பவை போல இல்லை. சிறியவை, கோணலானவை, கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டவை, தலைப்பிரட்டை மாதிரி வால் வைத்தவை. ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருப்பவை அதிகம். காலக்ஸிகள் எல்லாக் காலத்திலும் இப்படியேதான் இருந்தன என்றால் இந்த வித்தியாசம் வரவே கூடாது. எந்தக் காலத்தில் எவ்வளவு வேகத்தில் நட்சத்திரங்கள் பிறந்தன என்று 1996-லிருந்து இந்தப் படத்தை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். முதல் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. தூசிக்குப் பின்னால் ஒளிந்திருந்த நட்சத்திரப் பிறப்பு ஹபிளின் கண்ணுக்குத் தெரியாது. ஹவாயில் இருந்த சப்மில்லிமீட்டர் தொலைநோக்கி 1998-ல் அதே இடத்தைப் பார்த்து அதைக் காட்டியது. பிறகு ஸ்பிட்சர், ஹெர்ஷல் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் வந்து ஓட்டையை அடைத்தன. இன்று நிற்கும் முடிவு: அண்டத்தில் நட்சத்திரப் பிறப்பு உச்சத்தில் இருந்தது சுமார் 1000 கோடி ஆண்டுக்கு முன். இப்போது நடப்பது அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அண்டத்துக்குக் குழந்தை பெறும் வயது எப்போதோ தாண்டிவிட்டது!

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். தூரத்தில் தெரியும் குட்டி காலக்ஸி பால்வழியின் சின்ன வயது போட்டோ அல்ல. அது வேறு குடும்பத்துப் பிள்ளை. அதனால்தான் ஒன்றைப் பார்த்து முடிவு கட்டாமல் ஆயிரக்கணக்கில் எண்ணுகிறார்கள். "அழகான படம்" என்று ஒற்றைக் காலக்ஸியை மட்டும் போடும் பத்திரிகைகள் இந்த எண்ணும் வேலையைச் சொல்வதே இல்லை. படித்தவர் ஏமாந்தால் யார் பொறுப்பு?

கலர் விவகாரத்துக்கும் பொறுப்பாளி இந்தப் பழக்கம்தான். 1995-ல் கழுகு நெபுலாவில் எடுத்த தூண்கள் படத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதில் சிவப்பு கந்தகம், பச்சை ஹைட்ரஜன், நீலம் ஆக்ஸிஜன். ஒவ்வொன்றும் தனித் தனி வடிகட்டி வழியாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், எது எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்ட நிறம் கொடுத்திருக்கிறார்கள். தேசப்படத்தில் தமிழ்நாடு ஒரு நிறம், கேரளா ஒரு நிறம் என்று இருப்பதால் தமிழ்நாடே பொய் என்று யாராவது சொல்வார்களா? படத்தின் ஒரு மூலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டிருப்பதைக் காட்டி "எதையோ மறைக்கிறார்கள்" என்பவர்களுக்கும் பதில் எளிது. கேமராவின் நான்கு துண்டுகளில் ஒன்று மற்றதைவிட உருப்பெருக்கி எடுக்கும். சரியான அளவுக்குச் சுருக்கினால் அந்த மூலை சின்னதாகிவிடும். அவ்வளவுதான் ரகசியம்.

உண்மையில் படத்தைவிடப் பெரிய சாட்சி நிறமாலை. ஒளியைப் பிரித்து நீட்டிப் போட்டால் வரும் மேடுபள்ளக் கோடு. பார்க்க ஈசிஜி தாள் மாதிரி இருக்கும், யாரும் வால்பேப்பராக வைக்கமாட்டார்கள். ஆனால் என்ன தனிமம், எவ்வளவு சூடு, எவ்வளவு தூரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஹைட்ரஜன் தன் ஒளியை 121.6 நானோமீட்டரில் விடும், அது புற ஊதா. அண்டம் விரிவதால் வழியில் அந்த அலை நீண்டுபோகும். ஜேட்ஸ் ஆய்வுக் குழு 2024-ல் அறிவித்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற காலக்ஸியில் அந்த இடம் அகச்சிவப்பில் சுமார் 1.85 மைக்ரானுக்கு வந்துவிட்டது. பதினைந்து மடங்கு நீட்சி. அதாவது பெருவெடிப்புக்கு 30 கோடி ஆண்டுகூட ஆகாத காலத்து ஒளி. 2025-ல் சிலியின் ஆல்மா தொலைநோக்கி அதில் ஆக்ஸிஜன் இருப்பதாகக் காட்டியது. ஆக்ஸிஜன் பெருவெடிப்பில் உண்டானது அல்ல, நட்சத்திரத்தின் வயிற்றில் வெந்து அது செத்த பிறகு வெளியே வருவது. அத்தனை சீக்கிரத்தில் அங்கே ஒரு தலைமுறை பிறந்து, எரிந்து, முடிந்துவிட்டிருந்தது!

எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம், எதிர்பார்த்ததைவிடப் பிரகாசம். உண்மைதான். வானியலாளர்கள் இதைப் பற்றி இன்றும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்தச் சண்டையைத்தான் 2022-ல் சிலர் "பெருவெடிப்பு செத்தது" என்று விற்றார்கள்.

விற்ற விதம் வேடிக்கை. வெப்பின் முதல் படங்கள் 2022 ஜூலையில் வந்தன. சில நாட்களில் ஒரு ஆய்வுக்கட்டுரை வந்தது. தலைப்பின் தொடக்கம் "பேனிக்! அட் தி டிஸ்க்ஸ்". தட்டு வடிவக் காலக்ஸிகள் ஆரம்ப காலத்திலேயே எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பது விஷயம். தலைப்பு, "பேனிக்! அட் தி டிஸ்கோ" என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பெயரை வைத்து அடித்த சிலேடை. ஜோக்கைப் புரிந்துகொள்ளாமல், அல்லது புரிந்தும் புரியாதது போல, "பார், விஞ்ஞானிகளே பீதியில் இருக்கிறார்கள்" என்று எரிக் லெர்னர் என்பவர் கட்டுரை எழுதினார். பெருவெடிப்பு நடக்கவே இல்லை என்று 1991-லேயே புத்தகம் போட்டவர் அவர்! வெப் வந்து அவர் மனதை மாற்றவில்லை, வெப் வருவதற்கு 30 வருடம் முன்பே அவர் மனது முடிவாகிவிட்டது. அந்தக் கட்டுரை ஊரெல்லாம் சுற்றியது. ராக் குழுவின் பெயர் மட்டும் கூடவே சுற்றவில்லை.

அதே வேளையில் மறுபக்கம் நடந்ததைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 2022 ஜூலையில் ஒரு காலக்ஸி, நிறங்களை வைத்துப் பார்த்ததில், பெருவெடிப்புக்கு 25 கோடி ஆண்டுக்குள் இருந்ததாகத் தெரிந்தது. அது நிஜமாக இருந்தால் பெரிய தலைவலி. அடுத்த மாதமே வேறொரு வானியலாளர் குழு, "இது அவ்வளவு தூரத்தில் இருக்கலாம், அல்லது பக்கத்தில் இருக்கும் தூசி படிந்த காலக்ஸியாகவும் இருக்கலாம்" என்று, ஷ்ரோடிங்கரின் பூனையை நினைவூட்டும் தலைப்புடன் எழுதியது. 2023-ல் வெப்பே அதன் நிறமாலையை எடுத்தது. தூசி படிந்ததுதான். 25 கோடி அல்ல, சுமார் 120 கோடி ஆண்டு. பரபரப்பான கண்டுபிடிப்பு போயே போச்சு. போகடித்தவர்கள் பெருவெடிப்பின் எதிரிகள் அல்ல, அதே துறைக்காரர்கள். சந்தேகப்படுவது என்றால் இப்படி. நிறமாலை வரும்வரை காத்திருக்கவும் வேண்டும், வந்த பிறகு வாயை மூடவும் தெரிய வேண்டும்.

படம் மட்டும் பார்க்கும் பழக்கம் வெறும் ரசனைக் குறை என்று விட்டுவிடலாம், அதற்கு விலை இல்லாமல் இருந்திருந்தால். ஃபார்னாக்ஸ் நட்சத்திரக் கூட்டத்தில் ஒரு சின்ன இடம். 2003, 2004-ல் ஹபிள் அங்கே உற்றுப் பார்த்துச் சுமார் 10,000 காலக்ஸிகளை எடுத்தது. இந்தியாவின் அஸ்ட்ரோசாட் 2016 அக்டோபரில் அதே திசையில் 28 மணி நேரத்துக்கும் மேல் பார்த்து, 930 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு காலக்ஸியிலிருந்து ஹபிளுக்கே தட்டுப்படாத தீவிரப் புற ஊதாக் கதிரைப் பிடித்தது. புனே அயூக்கா நிறுவனத்தின் கனக் சாஹா தலைமையிலான குழு 2020-ல் அதை வெளியிட்டது. மேலே சொன்ன ஜேட்ஸ் காலக்ஸியும் இந்த வட்டாரம்தான். சந்திரா இங்கே மொத்தம் 70 லட்சம் விநாடி பார்த்தது. கிடைத்த படம், கறுப்புத் துணியில் பொரியைத் தூவியது போல இருக்கும். அந்தப் பொரிகளில் பெரும்பாலானவை காலக்ஸிகளின் நடுவில் வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கும் ராட்சதக் கருந்துளைகள். பெர்சியஸ் கொத்தில், கருந்துளை கக்கும் சக்தி சுற்றியுள்ள வாயுவில் குமிழிகளையும் அலைகளையும் எழுப்பி, அது ஆறி நட்சத்திரமாகாமல் சூடாக வைத்திருப்பதைக் காட்டியதும் சந்திராதான். பெரிய காலக்ஸிகள் ஏன் நட்சத்திரம் பெறுவதை நிறுத்திவிட்டன என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கும் முக்கியத் துப்பு இது. ஹபிளாலும் வெப்பாலும் அந்தச் சூடான வாயுவைப் பார்க்க முடியாது.

2024 மார்ச்சில் நாசா முன்வைத்த பட்ஜெட் திட்டத்தில், சந்திராவின் ஒதுக்கீட்டை ஆண்டுக்கு 6.83 கோடி டாலரிலிருந்து 4.11 கோடி டாலராகக் குறைத்து, அதற்கடுத்த ஆண்டுகளில் இன்னும் இறக்க எழுதியிருந்தார்கள். இது தொலைநோக்கியை மூடுவதற்குச் சமம் என்று அதை நடத்துபவர்களே சொன்னார்கள். கருவி கெட்டுப்போகவில்லை, அந்த இடத்தில் வைக்க அதேபோல் வேறு ஒன்று தயாராகவும் இல்லை. வானியலாளர்கள் கையெழுத்து வாங்கி, கடிதம் எழுதி, கத்திப் பார்த்தார்கள். மிச்சம் பிடிக்க நினைத்த அந்த 2.72 கோடி டாலர், வெப்புக்கு ஆன செலவில் 360-ல் ஒரு பங்குக்கும் குறைவு.